சீர்ச் சொம்பு

சொம்பின் வயிற்றில் வெட்டியிருந்த பேரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வந்தாள் சௌந்திரம்.

முத்தாயம்மாள்.

விபூதி போட்டுத் தேய்த்ததில் பேர் பளிச்சென்று வந்து தொலைத்திருந்தது. சௌந்திரத்தின் வீட்டில் முத்தாயம்மாள் என்று யாரும் கிடையாது. வெள்ளிச் சொம்பும் கிடையாது.

ராசிபுரத்து நெய் மண்டியில் கணக்கெழுதும் அப்பாவுக்குச் சம்பளம் பதினாறு ரூபாய். வாடகைக்கு வீடு கேட்கப் போன இடத்தில் முப்பது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்த வீட்டுக்காரம்மாள் வாய்ச்சொல்லை நம்புகிறவள் இல்லையாம். குடிவரப் போகிறவர்கள் இப்போது இருக்கும் வீட்டுக்கே போய், புழங்குகிற பாத்திரத்தைப் பார்த்த பிறகுதான் சாவி கொடுப்பாளாம்.

வெள்ளிக்கிழமைக்குள் இந்த வீட்டைக் காலி செய்தாக வேண்டும். மூன்று வீடு ஏற்கெனவே கை நழுவியாயிற்று.

அப்பா அடகுக்கடை சென்னியப்பனிடம் கெஞ்சி, யாரோ வைத்துவிட்டுப் போன சொம்பை ஒரு பகலுக்கு வாங்கி வந்தார். நசுங்கினால் உன் தலை என்றாராம் சென்னியப்பன். பேர் தெரியாமல் பிடி என்றார் அப்பா.

பாத்திரம் பார்க்க வந்தவளிடம் அப்படிப் பிடித்துத்தான் தண்ணீரை நீட்டினாள். வீட்டுக்காரம்மாள் வாங்கி, அண்ணாந்து குடித்தாள். பேர் நேராக அவள் கண்ணுக்கு முன்னால் போய் நின்றது.

தண்ணீர் பாதியில் நின்றது.



"நல்ல கனமான சொம்புங்க. ஏது?"

"எங்கூட்டுக்காரி சீராக் கொண்டாந்ததுங்க" என்றார் அப்பா, கொஞ்சமும் கூசாமல். அடுப்படியில் அம்மாவுக்குப் புரையேறியது.

வீட்டுக்காரம்மாள் அந்த எழுத்தைக் கட்டைவிரலால் ஒருதரம் தடவினாள். மீதித் தண்ணீரையும் குடித்து முடித்தாள். முந்தானையால் சொம்பைத் துடைத்து, பேர் உள்ளங்கைப் பக்கம் வரும்படி பார்த்து, சௌந்திரத்தின் கையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமையே வந்து பால் காய்ச்சிக்கொள்ளலாம் என்றாள்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. முன்பணம் இரண்டு ரூபாயை வெற்றிலையில் வைத்து நீட்டினார். கணக்கெழுதுகிற கை சும்மா இருக்குமா? ரசீதையும் தானே எழுத உட்கார்ந்து, வீட்டுக்காரம்மாளின் பேர் என்ன என்று பணிவாகக் கேட்டார்.

"அம்மிணிக்குத் தெரியுமுங்க. அதையே கேளுங்க" என்று சௌந்திரத்தைக் காட்டினாள் வீட்டுக்காரம்மாள்.

சௌந்திரம் மெல்லச் சொன்னாள்.

அப்பாவின் பேனா 'முத்தா' வரைக்கும் எழுதிவிட்டு நின்றது.