மூன்றாவது வரிசையில் குறட்டை

"எழுப்பிடவா பாஸ்டர்?"

ஹெப்சிபா கேட்ட தொனியில் 'வேண்டாம்' என்ற பதிலுக்கு இடமே இல்லை.

மூன்றாவது வரிசையில் நவமணி தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. சன்னமாய்க் குறட்டை. ஆராதனை முடிந்து, சபையார் எல்லோரும் பின்கட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் போயாகிவிட்டது.

ஃபிரிஸ்கோவில் அது ஒரு வாடகை ஹால். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை தமிழ்ச் சபை. இரண்டு மணிக்குக் கொரியர்களின் சபை. இப்போது மணி இரண்டு ஐந்து. பாவம், கொரியர்கள் டெக்சாஸ் வெயிலில் வெளியே நின்றார்கள்.

"ரெண்டே நிமிஷம் சிஸ்டர்" என்றார் போதகர் எபநேசர்.

வாரத்தில் ஐந்து நாள் ஐ.டி. வேலை, சனிக்கிழமை வீடு வீடாக ஜெபம், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். மனிதருக்கு நிற்கவே தெம்பில்லை. ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

ஹெப்சிபா மட்டும் என்ன, துள்ளிக் குதித்துக்கொண்டா இருந்தாள்? காலை ஐந்து மணிக்கு எழுந்து அறுபது பேருக்குத் தக்காளி சாதம் கிளறியவள். சபையின் செயலாளர். கம்பெனியில் டெஸ்டிங் வேலை. ஐந்து நாள் சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாய் சும்மா இருக்குமா?

"போன வாரமே ஹால் மேனேஜர் ஈமெயில் போட்டுட்டார் பாஸ்டர். இன்னொரு தடவை லேட் பண்ணினா லீஸ் ரென்யூ பண்ண மாட்டாங்களாம். இத்தனை ஃபேமிலியும் எங்கே போறது? யார் வீட்டு கராஜ்ல ஆராதனை வைக்கிறது?"

"தெரியும்மா."

"முன்னெல்லாம் பிரசங்கத்தை அரை மணி நேரத்துல நச்சுன்னு முடிப்பீங்க. இப்ப ரெண்டு மாசமா ஒரு மணி நேரம் இழுக்குறீங்க. மைக்கையும் குறைக்கச் சொல்றீங்க, பின்னாடி உக்காந்தா ஒரு வார்த்தை கேக்கலை. இப்ப கடைசிப் பாட்டும் வேணாம், மௌனமா ஜெபம் பண்ணிட்டுப் போங்கன்னு சொல்றீங்க. எல்லாரும் என்னைத்தான் கேக்குறாங்க."

எபநேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவரைப் பாருங்க. ரெண்டு மாசமா வர்றார். ஒரு வாரமாவது முழிச்சிருந்து பாத்திருக்கீங்களா? என் பொண்ணு ரோஷினி கேக்குறா, 'மாம், வொய் டஸ் ஹி ஈவன் கம்?' நான் என்னன்னு சொல்றது? தூங்கணும்னா வீட்டுல தூங்க வேண்டியதுதானே!"

சொல்லிக்கொண்டே நவமணியின் தோளைத் தட்டக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க!"

சத்தமில்லாமல்தான் சொன்னார். ஆனால் எபநேசர் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. கையை இழுத்துக்கொண்டாள்.

"வீட்டுல அவருக்குத் தூக்கம் வராது சிஸ்டர்."

"ஏன்?"

"யாராவது கேட்டா சொல்லுங்கன்னு அவரே சொல்லியிருக்கார். இதுவரைக்கும் யாரும் கேக்கலை."

ஹெப்சிபாவுக்குச் சுருக்கென்றது.

"போன வருஷம் ஹூஸ்டன்ல இருந்து இவரும் வைஃபும் திரும்பி வந்திருக்காங்க. இவர்தான் டிரைவ் பண்ணினார். வேலை அசதி. ஃப்ரீவேல ஒரே ஒரு செகண்ட் கண் அசந்துட்டார். இவருக்கு ஒரு கீறல் இல்லை. பக்கத்து சீட்ல இருந்த வைஃப் பொழைக்கலை."

"ஐயோ..."

"அன்னையில இருந்து கண்ணை மூடவே பயம். டாக்டர், மாத்திரை, கவுன்சிலிங் எல்லாம் பாத்தாச்சு. பத்து நிமிஷம் அசந்தா அலறிக்கிட்டு எழுந்திருப்பாராம். முதல் தடவை இங்கே வந்தப்ப, 'எனக்குத் தூக்கம் வரணும்னு ஜெபம் பண்ணுங்க பாஸ்டர்'னு கேட்டார். வேற எதுவும் கேக்கலை. பண்ணினேன். அடுத்த ஞாயிறு நான் பிரசங்கத்தை ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல தூங்கிட்டார். முழுசா முக்கால் மணி நேரம்! எனக்குக் கண்ணீரே வந்துருச்சு. வசனத்தை நினைச்சு அழறேன்னு நீங்கள்லாம் நினைச்சுக்கிட்டீங்க."

எபநேசர் களைப்பாகச் சிரித்தார்.

"பதினஞ்சு வருஷமா பிரசங்கம் பண்றேன். அதனால ஒருத்தருக்கு இவ்வளவு பிரயோஜனம் ஆனது இதுதான் முதல் தடவை. அதான் மைக்கைக் குறைச்சேன். அதான் பாட்டு வேணாம்னேன். டைமுக்கு முடிக்கணும்னுதான் ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன். அவர் முகத்தைப் பாத்தா மனசு வர மாட்டேங்குது சிஸ்டர்."

ஹெப்சிபா நவமணியைப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் இன்றுதான் அவரைச் சரியாகப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

யாரோ கதவைத் திறந்தார்கள். கொரியச் சபையின் மூப்பர் தன் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். அவருக்குப் பின்னால் ட்ரம்ஸும் கிட்டாருமாகப் பத்துப் பேர்.

ஹெப்சிபா ஓடினாள். கதவைப் பாதி சாத்தி, அதற்குக் குறுக்கே நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி அவர்களிடம் ஆங்கிலத்தில் கெஞ்சினாள்:

"சத்தம் போடாதீங்க, ப்ளீஸ். இன்னும் ஒரு பத்து நிமிஷம். உள்ளே ஒரு அற்புதம் நடந்துக்கிட்டிருக்கு."