தெருமுனைச் சத்தம்

"கார்புரேட்டரை எடுத்துட்டு ஃப்யூல் இன்ஜெக்ஷன் போட்டா, சத்தம் மாறுமா?"

பழைய ஸ்போர்ட்ஸ் காருடன் வந்தவர் கேட்ட முதல் கேள்வியே மெக்கானிக்கை உறுத்தியது. மைலேஜைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ அவர் வாயே திறக்கவில்லை.

"படபடன்னு வெடிக்கிறது நின்னுடும் சார்."

"தெருமுனையில திரும்பும்போது என் வண்டின்னு தெரியக் கூடாது."

ஆள் எங்கேயோ கைவரிசை காட்டப் பார்க்கிறாரோ? வண்டிப் பேப்பர்களை வாங்கிப் பார்த்தார் மெக்கானிக். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. சந்தேகம் மட்டும் போகவில்லை.

"யாருக்குத் தெரியக் கூடாது? அதைச் சொன்னாத்தான் வண்டியில கை வைப்பேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பெண்டாட்டிக்கும் பிள்ளைங்களுக்கும். போன வாரம் வண்டி மக்கர் பண்ணி, வீட்டுக்கு நடந்தே போனேன். உள்ளே ஒரே சிரிப்பு. நம்ம வீடுதானான்னு எனக்கே சந்தேகம். கதவைத் திறந்ததும் கப்சிப். இத்தனை வருஷமா வண்டிச் சத்தம் கேட்டதுமே நிறுத்தியிருக்காங்கன்னு அப்பதான் புரிஞ்சுது. அந்தச் சிரிப்புக்காகத்தான் தினமும் வீட்டுக்குப் போகணும்போல இருக்கு."

மெக்கானிக் ஸ்பானரைக் கையில் எடுத்தார்.

"அப்படின்னா சைலன்சரையும் மாத்திடறேன் சார்" என்றார்.