விடட்டுமா?

வாசலில் நின்ற காரின் பின்சீட்டில் பிருந்தாவின் இரண்டு பெட்டிகளும் தையல் மிஷினும் ஏற்றியாகிவிட்டது. இனி இந்த வீட்டுக்கு வரப்போவதில்லை என்று அவள் சொல்லி ஒன்பது நாள் ஆகிறது. விளிம்பு நைந்துபோன என்ஜின் பெல்ட் அறுந்து அவள் வழியில் நின்றுவிடக் கூடாதே என்று, அவள் கணவன் குணசீலன் பானெட்டைத் திறந்து அதைக் கழற்றிப் போட்டிருந்தான். புது பெல்ட் அவன் தோளில் தொங்கியது.

“மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தா நான் இந்நேரம் பாதி தூரம் போயிருப்பேன்.”

“ஞாயித்துக்கிழமை எவன் வருவான்? இதைப் பிடி.”

ஸ்பானரை அவளிடம் கொடுத்தான். ஸ்பிரிங் வைத்த சின்னச் சக்கரத்தை ஒருவர் ஸ்பானரால் தள்ளிப் பிடித்தால்தான் இன்னொருவர் பெல்ட்டை நுழைக்க முடியும். அவள் அழுத்திப் பிடித்தாள். அவன் ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினான். பெல்ட்டின் வரிகள் பள்ளங்களில் சரியாக உட்கார்ந்தன.

“விடட்டுமா?”

அவன் பெல்ட்டுக்கு அடியில் விரல்களை விட்டுத் தடவினான்.

“எல்லாம் உட்கார்ந்திருச்சு, எனக்கே தெரியுது. கையை எடுங்க.”

“ம்.”

பெல்ட்டுக்கும் அந்தச் சின்னச் சக்கரத்துக்கும் நடுவே அவனுடைய நான்கு விரல்களும் அப்படியே இருந்தன.

“விட்டா நசுங்கிடும்ங்க.”

“தெரியும்.”

ஸ்பிரிங் அவள் கையைப் பின்னுக்குத் தள்ளியது. எதிர்வீட்டு மாடியில் யாரோ துணியை உதறிக் காயப்போடும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகும் இருவரும் என்ஜின் மேல் குனிந்தே இருந்தார்கள். தோளில் மாட்டியிருந்த கைப்பையைத் தரையில் நழுவவிட்டு, பிருந்தா இன்னொரு கையையும் ஸ்பானரில் கொடுத்தாள்.