எழுபத்தொன்பதாவது பார்ட்

“மாமே, உன் ஊட்டுல சிரிப்பு கிரிப்பு கீதா?”

தப்ரேஸ் இப்படிக் கேட்டதும் சந்தோஷ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். இருவரும் பூந்தமல்லி ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள்.

“இன்னாடா கேள்வி இது?”

“நீதான சொன்ன, விஜி போன் பூரா சைனா டிராமாவா கீதுன்னு. எங்க ஊட்லயும் மஹ்ஜபீன் அதான் பாக்குது. எல்லாம் ஒரே கதை மச்சான். ராஜா காலம். ஆம்பள வேஷம் போட்டுகினு அஞ்சு வருசம் சண்டை போட்ட பொம்பள தளபதி. கல்யாணம் ஆனதும் கத்தியத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு, புருஷன் ஊட்டுல பாத்திரம் தேய்ப்பா. யார் இன்னா சொன்னாலும் சிரிச்சிகினே பொறுத்துக்குவா. அந்தச் சிரிப்புதான் டேஞ்சர்.”

“ஏன்?”

“பதினாலாவது பார்ட்ல புருஷன் மூஞ்சில விவாகரத்து ஓலைய விட்டெறிஞ்சிட்டு, கத்திய எடுத்துகினு கெளம்பிடுவா. அதுக்கப்புறம் ஒரே வெட்டு, குத்து. எண்பதாவது பார்ட்ல ஒரு இளவரசன் வந்து தூக்கினு பூடுவான். அவனுக்குக் கஞ்சி காய்ச்சிகினு உக்காந்திருப்பா. சுபம்.”

“அப்ப கடைசில அடங்கிடுறா?”

“கடைசி பார்ட் வரைக்கும் பாத்தவங்க அடங்கிடுவாங்க. நடுவுல நிறுத்துனாத்தான் பேஜார்.”

சந்தோஷின் மனைவி விஜி அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். கேட்டைத் தாண்டிப் போன் போகக் கூடாது. அதனால் அவளுடைய போன் பகலெல்லாம் சென்னீர்குப்பம் வீட்டின் ஃப்ரிட்ஜ் மேல்தான் கிடக்கும். துப்பறிகிறவனுக்கு இதைவிட வசதி வேண்டுமா? கம்பெனி வேன் வருவதற்குள் சந்தோஷ் போனை எடுத்துப் பார்த்துவிட்டான்.

ஒரே டிராமா. எழுபத்தொன்பது பார்ட் பார்த்தாகிவிட்டது. எண்பதாவது தொடப்படவே இல்லை. பதினாலாவதுக்கு மட்டும் இதயம் போட்டிருந்தது.

அதைத் தொட்டான். பட்டுடை உடுத்திய ஒருத்தி, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி கணீரென்று தமிழ் பேசினாள். “இன்று முதல் உமக்கும் எனக்கும் எந்த பந்தமும் இல்லை. வழிவிடும்!”

சந்தோஷ் போனைக் கவிழ்த்து வைத்தான். போன மாதம் குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டது ஞாபகம் வந்தது. கல்யாணமான இந்த மூன்று வருடத்தில் தன் டம்ளரைக்கூடத் தான் கழுவியதில்லை என்பதும் ஞாபகம் வந்தது. குடும்பம் கையைவிட்டுப் போவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். செய்தான்.

“மா, நாளையிலேர்ந்து விஜி பாத்திரம் தேய்க்க வேணாம்.”

கன்னியம்மா கேஸ் அடுப்பிலிருந்து திரும்பினாள். “அப்ப யாரு தேய்ப்பா? நீயா?”

“நீதான்மா.”

கன்னியம்மா லேசாகச் சிரித்தாள். “சரி நைனா.”

அம்மா தங்கம், என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த நாள் துணி துவைப்பதும் அம்மாவிடம் போனது. அதற்கும் சிரித்தாள். அதற்கடுத்த நாள் விஜியின் மதியச் சாப்பாட்டு டப்பா கட்டுவது. “கட்டிட்டாப் போச்சு” என்று சிரித்தாள். வெள்ளிக்கிழமை, மகாராணி மாதிரி நாற்காலியில் உட்கார வைக்கப்பட்ட விஜிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“இன்னாங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு? அத்தைய ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க?”

“எல்லாம் உனக்காகத்தான்” என்றான். அவள் முறைத்தாள். முறைக்கிறாளே தவிர சிரிக்கவில்லை. கண்டம் நீங்கிவிட்டது என்று சந்தோஷ் நிம்மதியாகத் தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சவாரி முடித்து வந்தபோது, வாசலில் ஒரு கட்டைப்பை. பிதுங்கப் பிதுங்கப் புடவை. மேலே வைத்திருந்தது விஜி வாங்கிய பச்சைக் குடை.

உள்ளே ஓடினான். விஜி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்படியே காலில் விழுந்தான்.

“விஜி, தப்புதான் விஜி! உப்பில்லாட்டியும் துன்றேன். டம்ளர் கழுவுறேன். போவாத விஜி!”

“நான் எங்க போறேன்? எழுந்திருங்க, பக்கத்து ஊட்ல பாக்குறாங்க.”

“பை கீதே வாசல்ல?”

“அது என் பை இல்ல” என்றாள் விஜி. அவளும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “குடை மட்டும்தான் நான் குடுத்தது.”

உள்ளறையிலிருந்து அவன் அப்பா துலுக்கானத்தின் குரல் வழக்கம்போல் வந்தது. “ஏய், டீ இன்னாடீ ஆச்சு?”

டீ வரவில்லை. தீபாவளிப் புடவையில் கன்னியம்மா வந்தாள். டிவி முன்னால் படுத்திருந்தவர் மார்பின் மேல் நாலாக மடித்த ஒரு காகிதத்தைப் போட்டாள்.

“இன்று முதல் உமக்கும் எனக்கும் எந்த பந்தமும் இல்லை” என்றாள், கணீரென்று. பிறகு மகன் பக்கம் திரும்பினாள். “கள்ளிக்குப்பத்துல என் தங்கச்சி அங்கம்மா ஊட்ல இருப்பேன். தேடிகினு வராத.”

ஃப்ரிட்ஜ் மேல் பகலெல்லாம் கிடந்த போன் பகலெல்லாம் சும்மா கிடக்கவில்லை என்பது சந்தோஷுக்கு அப்போதுதான் உறைத்தது.

“மா! கடைசி பார்ட்டையாவது பாத்துட்டுப் போம்மா! அவளும் கடைசில கஞ்சிதான் காய்ச்சுறாளாம்மா!”

கன்னியம்மா குடையைக் கையில் எடுத்தாள். வாளை எடுப்பதுபோலத்தான் இருந்தது.

“அந்தப் பார்ட்ட நான் முப்பத்தஞ்சு வருசமா பாத்துட்டேன்டா” என்று சிரித்தாள். “வழிவிடும்.”