குழியை மூடிய பழங்கள்

மூன்றாவது தடவை ஓவனைத் திறந்தபோது கேக் உட்கார்ந்துவிட்டது.

வேறு யார்மீதும் பழி போட வழியில்லை. இவர் லிஃப்ட் மெக்கானிக். ஓடுகிற எதையும் பாதியில் நிறுத்தி, கதவைத் திறந்து எட்டிப் பார்க்காவிட்டால் கை அரிக்கும். மூன்றாவது மாடிவரை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்த கேக், ஒரே மூச்சில் தரைத்தளத்துக்கு இறங்கி, நடுவில் ஒரு குழியோடு இவரை முறைத்தது.

இன்னொன்று சுட அரிசி மாவு மிச்சமில்லை. கோதுமையைத் தொடவே கூடாது.

லோ ஃபாட்மாப் என்று மனைவியின் பத்தியத்துக்குப் பெயர். குடலுக்குள் போய்ப் புளித்துப் பொங்குகிறவற்றை எல்லாம் தள்ளிவைக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, பால், ஆப்பிள், தேன் என்று அவள் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக இடத்தைக் காலி செய்திருந்தன.

பத்தியம் வருவதற்கு முன்பு, போன பிறந்தநாளுக்கும் இவர்தான் கேக் சுட்டார். கோதுமை, பால், தேன், எதிலும் குறை வைக்கவில்லை. நல்லா இருக்கு என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருண்டு கிடந்தபடியும் அதையேதான் சொன்னாள், கேக் ரொம்ப நல்லா இருந்ததாம்.

இன்று மறுபடியும் பிறந்தநாள்.

குழியை என்ன செய்வது? மறைப்பதுதான். ஸ்ட்ராபெரி, ஆரஞ்சுச் சுளை, கொஞ்சம் கிவி. எல்லாம் உணவு ஆலோசகர் சரியென்று தலையாட்டிய பழங்கள். அடுக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். பழவண்டி கவிழ்ந்த மாதிரி இருந்தது.

மதியம் அவள் சாப்பிட்டாள். மோட்டார் எங்கே கரகரக்கிறது என்று காது கொடுப்பதுபோல இவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

எழுந்து கை கழுவினாள். துணி மடித்தாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

இவரும் பின்னாலேயே போனார். வெந்நீர் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றாள். கொஞ்சம் படுக்கிறாயா என்றார். எதற்கு என்றாள்.

ஒருமுறை அவள் கை வயிற்றுப் பக்கம் போயிற்று. இவருக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுக்கத்தான்.

வெயில் தாழ்ந்தபோது இவரால் அதற்குமேல் முடியவில்லை. ஒரு கையில் போன், அதில் டாக்டரின் எண்.

"உண்மையைச் சொல்லு. கேக் எப்படி இருந்துச்சு?"

அவள் இவரையும் மீதிக் கேக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். போன வருஷத்து அந்தச் சிரிப்பு மட்டும் வந்துவிடக் கூடாதே என்று இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சிரிக்கவில்லை. முகத்தைச் சுளித்தாள்.

"சகிக்கலைங்க. மாவு நறநறங்குது. பழத்தை வாரிக் கொட்டி குழிய மூடினா எனக்குத் தெரியாதா? அந்தப் பழம் மட்டும்தான் வாயில வைக்கிற மாதிரி இருந்துச்சு."

சொல்லிவிட்டு இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டினாள், கேக்கில் பழம் அதிகம் இருந்த பக்கமாக.