மண்வெட்டி தொடாதவள்

"மண்வெட்டியைத் தொட்டா கை கறுத்துடுமா?"

பண்ணைக்காரி இப்படிக் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கேட்கப்பட்டவள் மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலைகுனிந்தாள்.

மண்ணைக் கெடுக்காமல் விவசாயம் செய்வது எப்படி என்பதை, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் நிலத்துக்கே ஆட்களை வரவழைத்து, கையால் செய்யவைத்துக் கற்றுக்கொடுப்பவள் பண்ணைக்காரி. வருகிறவர்களின் பெயர் அவள் மனதில் நிற்பதில்லை. அதனால் அவளே ஆளுக்கொரு பெயர் வைத்துவிடுவாள். சொல்வதையெல்லாம் எழுதித் தள்ளிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் 'நோட்டுக்காரர்'. நகத்தில் துளி அழுக்கில்லாமல், மடிப்புக் கலையாத உடையில் வந்து ஓரமாக நின்ற இவள் 'பட்டுக்கை'.

ஆளுக்கு ஒரு வெட்டு வெட்டி, அந்த மண்ணில் எத்தனை புழு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதுதான் முதல் பாடம். எல்லோரும் வெட்டினார்கள். பட்டுக்கையின் முறை வந்தபோதுதான் தகராறு.

"நான் வெட்டலக்கா. பார்த்துக்கறேன்."

"பார்த்துக்கிட்டுப் போறதுக்கு இது என்ன சினிமாவா? வெட்ட மாட்டேன்னா எதுக்கும்மா வந்தீங்க?"

"தோண்டாமலே செடி வளர்க்கலாம்னு சொல்லியிருந்தீங்களே... அது நிஜமான்னு கேட்கத்தான்."

"சோம்பேறிங்களுக்கு ஏத்த விவசாயம்!" என்றார் நோட்டுக்காரர். மறுபடி ஒரு சிரிப்பு. பண்ணைக்காரியும் சேர்ந்துதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிற்பாடு எத்தனையோ நாள் அவள் நொந்துகொண்டாள்.

நிஜம்தான் என்று விளக்கினாள். உழுது புரட்டினால் மண்ணுக்குள் குடியிருக்கும் உயிர்களின் வீடு இடிந்துபோகும். மேலாக்க மட்கிய எருவைப் பரப்பி, விதையைத் தூவி, வைக்கோலால் மூடாக்குப் போட்டால் போதும். மற்றதை மண்ணே பார்த்துக்கொள்ளும்.

"வேர் எவ்வளவு ஆழம் போகும்க்கா?"

"செடியைப் பொறுத்து. ஆறடி, ஏழடிகூடப் போகும்."

பட்டுக்கையின் முகம் சுருங்கியது. "ஒரு சாணுக்கு மேல போகாத செடி ஏதாச்சும் இருக்கா? பூ பூக்கிற மாதிரி?"

"வேர் ஆழமாப் போகணும்னுதான் எல்லாரும் கேட்பாங்க. நீங்க என்னடான்னா..." என்று முணுமுணுத்தாலும், தரையோடு படர்ந்து பொடிப் பொடியாக வெள்ளைப் பூ விட்டிருந்த ஒன்றைக் காட்டினாள். பட்டுக்கை அதன் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

மதியம் எல்லோரும் கொட்டகையில் கூடி அரட்டையடித்தபடி சாப்பிட்டார்கள். பட்டுக்கை தன் டப்பாவைத் திறந்தாள். பார்த்தாள். மூடி வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் மூடாக்குப் பயிற்சி. இதற்கு மண்வெட்டி வேண்டாம் என்று தெரிந்ததும் முதல் ஆளாக வந்து மண்டியிட்டாள். உடை அழுக்காவதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

மற்றவர்கள் வைக்கோலை அள்ளிக் கொட்டினார்கள். அவள் பிடிப் பிடியாக எடுத்து, உதறி, குத்துகிற குச்சியையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு மெல்லப் பரப்பினாள். ஓரங்களை உள்ளே மடித்துச் செருகினாள். கடைசியில் உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டிக் கொடுத்தாள்.

பண்ணைக்காரிக்கு ஆச்சரியம். இத்தனை வருடத்தில் இவ்வளவு பதமாக மூடாக்குப் போட்டவர்களை அவள் பார்த்ததில்லை.

"இப்படிப் போட்டா மழைக்கு உள்ள குளிராதுல்லக்கா?"

"குளிரவே குளிராது. நாம போர்த்திக்கிட்டுப் படுக்கிற மாதிரிதான்."

பட்டுக்கை சட்டென்று எழுந்து குழாயடிக்குப் போனாள். முகத்தைக் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே நின்றாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் பண்ணைக்காரி.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். பட்டுக்கை மட்டும் அந்த வெள்ளைப் பூவின் விதை கேட்டு நின்றாள். காலையில் இருந்த கடுப்பெல்லாம் பண்ணைக்காரிக்கு இறங்கிப்போயிருந்தது. அத்தனை பேர் முன்னால் மட்டம் தட்டியது வேறு உள்ளுக்குள் உறுத்தியது.

"இடம் எவ்வளவு இருக்கு?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"சின்ன இடம்தான். நாலடிக்கு ரெண்டடி."

"அவ்வளவுதானா? அப்ப ரெண்டு சிட்டிகை போதும். மண்ணு எப்படி?"

"கெட்டிக் களிமண்ணுக்கா. அஞ்சு மாசமாச்சு. ஒரு புல்லுகூட முளைக்கல. சுத்தி எல்லா இடமும் பச்சையா இருக்கு, அது மட்டும் மொட்டையாக் கிடக்கு. போய்ப் பார்க்கிறப்பெல்லாம் மனசு ஆறல."

பண்ணைக்காரி விதையைக் காகிதத்தில் மடித்து அவள் கையில் வைத்தாள்.

"அவ்வளவு கெட்டின்னா முதல் தடவை மட்டும் ஒரு முழம் கிளறிவிட்டுத்தான் ஆகணும்மா. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. உங்களுக்குக் கஷ்டம்னா விடுங்க, வர்ற ஞாயித்துக்கிழமை நானே வந்து தோண்டித் தர்றேன். நாலடிதானே, பத்து நிமிஷ வேலை."

பட்டுக்கை பொட்டலத்தை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"தோண்டிடாதீங்கக்கா... உள்ள எம்பொண்ணு தூங்குறா."