பசித்த பெட்டிகள்

வில்லோ மரங்கள் பூத்தும் பயனில்லை. பத்து நாளாக மழை விடவில்லை; தேனீக்கள் பூவுக்குப் போகவே முடியவில்லை. மெட்கா தேனீப் பெட்டிகளைத் திறந்து பார்த்தாள். அடைகளில் சொட்டுத் தேன் இல்லை. கணவன் லோய்ஸே கால் முறிந்து லுப்லியானா மருத்துவமனையில் கிடந்தான். வேறு வழியின்றி, தேனீ வளர்ப்பு தெரிந்த தீன்காவுக்குப் போன் செய்தாள்.

தீன்கா வந்ததும் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். "சர்க்கரை ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு. வெதுவெதுப்பா ஊத்தணும்."

"அவரைக் கேக்காம செஞ்சா கோவிச்சுக்குவாருக்கா."

"ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான். பசிச்சா தானா வருவான்."

மெட்கா சிரித்துவிட்டாள். இருபத்து நாலு பெட்டிகளுக்கும் பாகு ஊற்றி முடிக்க மத்தியானம் ஆயிற்று. தேனீக்கள் மொய்த்துக்கொண்டு உறிஞ்சின.

"கூப்பிட்டா வருவீங்கன்னு நெனைக்கவே இல்ல. என்மேல கோவம் இல்லையாக்கா?"

தீன்கா கையுறையைக் கழற்றினாள்.

"இருந்துச்சு. என்னை விவாகரத்து பண்ணிட்டு உன்னைக் கட்டிக்கிட்டான், அதைக்கூட ஆறு மாசத்துல மறந்துட்டேன். போறப்ப தேனீயெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிட்டான் பாரு, அதைத்தான் தாங்க முடியல."

மெட்கா தேனீக் கொட்டகைச் சாவியை அவளிடம் நீட்டினாள்.

"நாளைக்கும் ஊத்தணும்லக்கா?"